நான் வெள்ளையடித்த கல்வீடு

எங்கள் ஊர் நிலம் கையை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். எனக்குச் சண்டை நன்றாக வரும். வாயே திறக்காத ஜனங்களோடு எப்படிச் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

கோயமுத்தூரிலிருந்து மேற்கே போகிற டவுன் பஸ் திரும்பி நிற்கும் இடத்தில் இறங்கி, ஏற்றத்தில் அரை மணி நேரம் நடந்தால் எங்கள் பதி வரும். இருளர் ஊரைப் பதி என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கீழே தென்னந்தோப்புகள், ஒரு இன்ஜினியரிங் காலேஜ், சனி ஞாயிறு மட்டும் ஆள் வருகிற பண்ணை வீடுகள். மேலே காடு. நடுவில் நாங்கள். எங்களுக்கு முந்தியவர்கள் கீழேயும் இருந்தார்கள் என்று சொல்வார்கள். அந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாகத் தோட்டமாகி, தோட்டமெல்லாம் இப்போது சைட்டாகிவிட்டது. எங்களுக்கு மிஞ்சியது பதிக்கு மேலே இருக்கிற சரிவு மட்டும்தான். அங்கே ராகியும் சாமையும் அவரையும் போடுவோம். பட்டா கிடையாது. பட்டா கேட்டால் அது காடு என்பார்கள். காடுதானே என்று உள்ளே போய் விறகு பொறுக்கினால் யாரைக் கேட்டு வந்தாய் என்பார்கள்.

அந்தச் சரிவின் தலைமாட்டில் கல்வீடு இருக்கிறது. பெரிய கட்டடம் ஒன்றுமில்லை, இடுப்புயரம்தான். மூன்று பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைப் போட்டு மூடி, கிழக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். எங்களில் ஒருவர் செத்தால் பள்ளத்தோரம் புதைப்போம். ஓடையைத்தான் பள்ளம் என்கிறேன். சில மாதம் கழித்து ஒரு நாள் பார்த்து, அந்தத் தண்ணீரில் உருண்டு வழவழப்பான ஒரு கல்லை எடுத்து, செத்தவர் பேரைச் சொல்லி எண்ணெய் தேய்த்து, கல்வீட்டுக்குள் அவருடைய சொந்தக்காரர்களின் பக்கத்தில் வைப்போம். அன்றிலிருந்து அவர் அங்கே இருக்கிறார். அமாவாசைக்கு அமாவாசை எல்லாக் கல்லுக்கும் எண்ணெய் வார்ப்போம், வருஷத்துக்கு ஒரு முறை புது ராகியில் கூழ் வைப்போம். எந்தக் கல் யார் என்று எங்கும் எழுதி வைத்ததில்லை, எழுத வேண்டியிருந்ததும் இல்லை. கல் இருக்கிற இடமும் அதில் ஏறியிருக்கிற எண்ணெய்க் கறுப்பும் போதும். அவரவர் வீட்டார் இருட்டில்கூடச் சரியாகக் கை வைப்பார்கள்.

என் அப்பா வலப்பக்கச் சுவரோரம், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கையகலம் காலியாக இருந்தது. அது என் அம்மாவுக்கு. பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட் மாதிரித்தான் அம்மா அந்த இடத்தைப் பற்றிப் பேசுவாள். சிட்டிக்கு வந்து என்னோடு இரு என்று நான் கூப்பிடும்போதெல்லாம், "நான் எதுக்குக் கண்ணு அங்க வாரேன்? எனக்குத்தான் உங்கப்பன்கிட்ட எடம் இருக்குதே" என்று சொல்லிவிடுவாள். எங்களுக்குள் பேசும் பாஷை வேறு. ஆனால் அடிவாரத்தில் கூலிக்குப் போய்ப் போய் இந்தப் பேச்சு அவளுக்கும் பழகியிருந்தது. சிட்டியிலேயே கிடந்து நான் எங்கள் பாஷையை மறந்துவிட்டதாக நினைத்து, என்னிடம் இதில்தான் பேசுவாள். அந்த நினைப்பும் பாதி சரிதான்.

நான் எங்கள் பதியில் முதன்முதலாகக் காலேஜ் முடித்தவள். சிட்டியில் ஒரு தனியார் காலேஜ் ஆபீசில் கிளார்க். காகிதம் என்று எது வந்தாலும் பதியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நானும் அதில் கொஞ்சம் தலை கனத்துத்தான் திரிந்தேன். காட்டில் காலங்காலமாக இருப்பவர்களுக்கு அவர்கள் நிலத்தில் உரிமை உண்டு என்று ஒரு சட்டம் வந்து பல வருஷமாகியும் எங்கள் மலைக்கு அது ஏறி வரவில்லை. நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தச் சட்டம் கேட்பது ஒன்றும் கடினமானதில்லை. அது சொல்லும் தேதிக்கு முன்பிருந்தே நீங்கள் அங்கே இருந்ததற்கு இரண்டு சான்று வேண்டும். வயதானவர்கள் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் ஒன்று. இடுகாடு, சாமி கும்பிடும் இடம் என்று பழைய அடையாளம் ஏதாவது இருந்தால் அது இன்னொன்று. எங்கள் கல்வீட்டை விடப் பழைய அடையாளம் யாரிடம் இருக்கும்? அதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதினேன். கிராம சபையில் அதை வாசித்தபோது மூப்பன் வாய்விட்டுச் சிரித்தார். மூப்பன் என்றால் எங்கள் ஊர்த் தலைவர், எனக்கு மாமா முறை.

"அப்ப நம்ம செத்தவீக எல்லாம் சாட்சி சொல்ல வாராங்கன்னு சொல்லு அம்மிணி" என்றார்.

ஆய்வுக்கு வருகிறோம் என்று கடிதம் வந்தது. இடையில் இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரம் இல்லாமல் மறுநாளே வந்திருந்தால் எங்களுக்கு நிலம் கிடைத்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதிக்குப் போனவள், கல்வீட்டை வரப்போகிற அதிகாரியின் கண்ணால் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டடை, ஆட்டுப் புழுக்கை. மேல்கல்லில் ஒரு விரிசல், அதில் முளைத்த புல். எனக்கு மானம் போயிற்று. கோயமுத்தூரைச் சுற்றி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கோயில் புதுப் பெயிண்டில் பளபளக்கும். ஒரு கும்பாபிஷேகத்தின் பந்தலைப் பிரிப்பதற்குள் அடுத்ததற்கு நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். அந்தக் கோயில்களின் முன்னால் எவ்வளவு பெரிய அதிகாரியும் செருப்பைக் கழற்றுகிறார். எங்கள் கல்வீட்டுக்கு முன்னால் கழற்றுவாரா? ஷூ காலோடு நின்று, பேனாவால் குத்திக் காட்டி, இதுவா என்று கேட்பார். அவரைச் செருப்பைக் கழற்ற வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

மூப்பனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஊட்டுக்கு நாலு பேர் வாராங்கன்னா சாணி போட்டு மொழுகத்தான செய்யறோம். செய்யலாம்" என்றார். வருகிறவர்களுக்காக வீட்டைச் சுத்தம் செய்வது மரியாதை என்பது எங்கள் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறியது. அதற்கு மேல் யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. யோசிக்க வேண்டியவள் நான் ஒருத்திதான், நானோ பெயிண்ட் கடையில் கலர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிமெண்ட், மணல், டைல்ஸ், தகரம், பெயிண்ட் எல்லாம் என் செலவில் வாங்கி, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் பாதை முடிகிற வரை கொண்டுபோனேன். அங்கிருந்து பெண்கள் தலைச்சுமையாய் ஏற்றினார்கள். கீழூர் மேஸ்திரி ஒருவர் வந்தார். பலகைக்கல் சுவர்களுக்கு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசினார். மேல்கல் மறையத் தகரக் கூரை போட்டார். உள்ளே வெள்ளை டைல்ஸ் பதித்தார். வெளியே வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்தார். முடிக்கும்போது, முன்பக்கத்து ஈரச் சிமெண்டில் ஆணியால் அந்த வருஷத்தை அழகாக எழுதினார். மேஸ்திரிகள் எல்லாரும் செய்வதுதான். நானும் எழுத்து நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன்.

"உபயம்னு பேர் போட்டறலாங்களா?" என்று கேட்டார். ஒரு தடவை வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவை அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். கேட்டார். சிவப்புப் பெயிண்டில் என் பெயர், அதற்குக் கீழே கோயமுத்தூர்.

வேலை நடந்த நாட்களில் உள்ளே இருந்த கற்களை எல்லாம் சாக்கு விரித்து வெளியே வைத்திருந்தோம். எடுத்து வைத்தபோது யாரும் வரிசை பார்க்கவில்லை. கைக்கு வந்தபடி எடுத்து வைத்தார்கள், திரும்ப எண்ணெய்க் கறுப்பை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம். வெள்ளை டைல்ஸில் அந்தக் கறுப்புக் கற்களை வைத்துப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும் பவுடரும் கம்பி நாரும் வாங்கி வரச் சொன்னேன்.

நான் சொன்னால் காலேஜ் படித்த பெண் சொல்கிறாள் என்று செய்துவிடுவார்கள். உட்கார்ந்து தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கரைந்து ஓடி, உள்ளே இருந்த சாம்பல் நிறமும் பழுப்பு நிறமும் வெளியே வந்தன. அம்மா மட்டும் ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பனையும் தேய்க்கோணுமா கண்ணு?" என்றாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்மா. ஒண்ணு மட்டும் கறுப்பா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"இத மட்டும் உட்டுப்போடலாமே."

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் மடியிலிருந்து கல்லை நானே எடுத்து, நானே தேய்த்துக் கழுவி, மற்றக் கற்களோடு போட்டேன். பிறகு எல்லாவற்றையும் உயரப்படி வரிசையாக அடுக்கினேன், பெரியது பின்னால், சின்னது முன்னால், பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்க வைப்பதுபோல. அடுக்கி முடித்துவிட்டு எழுந்து பார்த்தபோது எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஆய்வுக்கு நான்கைந்து பேர் வந்தார்கள். மூத்த அதிகாரி நல்ல மனிதர். அவரைத் திட்டுவதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து வந்தார், கொடுத்த இளநீரைக் குடித்தார், கல்வீட்டைப் பார்த்ததும் நான் ஆசைப்பட்டபடியே செருப்பைக் கழற்றினார். நான் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் பக்கத்திலேயே நின்றேன். பதி முழுக்கப் பின்னால் நின்றது.

"நல்லா கட்டியிருக்கீங்களே" என்றார். "எப்பக் கட்டுனது?"

மூப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "போன வாரந்தானுங்க ஐயா முடிச்சோம். நம்ம அம்மிணிதானுங்க எல்லாம் பாத்துச்சு" என்று என்னைக் காட்டினார்.

அதிகாரி குனிந்து சிமெண்டில் எழுதியிருந்த வருஷத்தைப் படித்தார். பிறகு என் பெயரையும் ஊரையும் படித்தார். கூட வந்தவரிடம் ஏதோ சொல்ல, அவர் போனை எடுத்து இரண்டையும் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்தார். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. மூன்று பக்கம் எழுதிப் பழையது என்று சொன்னதை, என் காசிலேயே சிமெண்ட் பூசி, புதியது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன்.

"சார், வெளிய பூச்சுதான் புதுசு. உள்ள இருக்கற கல்லு எல்லாம் தலைமுறை தலைமுறையா இருக்கறது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் உட்கார்ந்து உள்ளே பார்த்தார். வெள்ளை டைல்ஸில் வரிசையாக, பளிச்சென்று, நேற்றுப் பள்ளத்திலிருந்து பொறுக்கி வந்ததுபோல இருந்தன கற்கள். ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று மூப்பனிடம் அனுமதி கேட்டார். தொட்டுவிட்டு விரல்களைப் பார்த்தார். விரலில் எண்ணெய்கூட ஒட்டவில்லை. "பழைய போட்டோ ஏதாவது இருக்குதாம்மா?" என்று என்னைக் கேட்டார். இல்லை. கல்வீட்டைப் படமெடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம், அதை மட்டும் அன்று வரை எல்லாரும் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தோம்.

சில மாதம் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. சான்றாகக் காட்டிய கட்டுமானம் அண்மையில் வெளியூரில் வசிப்பவரால் எழுப்பப்பட்டது என்றும், வாக்குமூலங்கள் எல்லாம் அந்தக் கட்டுமானத்தையே ஆதாரமாகச் சொல்வதால் அவற்றையும் ஏற்க இயலாது என்றும் எழுதியிருந்தது. ஆபீஸ் தமிழ் எனக்கு நன்றாகத் தெரியும். அதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. பதியில் அதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. வாசித்து முடித்து மடித்து வைத்தேன். பிறகு மூப்பன், "சரி உடு அம்மிணி. ஏத்தத்துல நடந்து வந்திருப்ப, மொதல்ல ஒரு வாய் காப்பி குடி" என்றார். எல்லாரும் அவரவர் வேலைக்கு எழுந்து போனார்கள்.

அப்பீல் போட்டேன். அதுவும் திரும்பி வந்தது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தோம், அரிவாளின் கூர்தான் மழுங்கியது. சிமெண்டைக் கொத்தினால் அடியில் இருக்கிற பலகைக்கல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வந்ததால் அதையும் நிறுத்தினோம். அடுத்த வருஷம் சரிவைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. உள்ளே மரக்கன்று நட்டார்கள். ராகி போட்ட இடமெல்லாம் இப்போது குழிகள். வேலியில் ஒரு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு, அதற்கு ஒரு வாச்சர். வாச்சராக எங்கள் பதி ஆளையே தினக்கூலிக்குப் போட்டார்கள். அமாவாசைக்கு அமாவாசை அவரிடம் கேட்டுத்தான் கல்வீட்டுக்குப் போக வேண்டும். அவரும் நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் போனாள். நிலத்தைப் பற்றி அவள் ஒன்றுமே பேசவில்லை. கல்வீட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து, கையில் கனம் பார்த்து, கட்டைவிரலால் தடவி, திரும்ப வைப்பாள். ஒரு தடவை, "இதுதான் உங்கப்பன்" என்று ஒன்றை எடுத்துக் காட்டினாள். அடுத்த மாதம், அது அவரில்லை என்றாள். அப்பாவின் கல்லில் ஒரு பக்கம் சின்னக் குழிவு இருந்ததாக அவளுக்கு ஞாபகம். பார்த்தால் பாதிக் கற்களில் அப்படிக் குழிவு இருந்தது. எண்ணெய்க் கறுப்பின் மேல் கை வைத்தே பழகியவளுக்கு அடியில் இருந்த கல்லைத் தெரியவில்லை. மற்ற வீட்டார் முதலில் கொஞ்ச நாள் தேடினார்கள், அப்புறம் எல்லாக் கல்லுக்கும் சேர்த்துப் பொதுவாக எண்ணெய் வார்த்துவிட்டு வரப் பழகிக்கொண்டார்கள். அம்மா பழகவில்லை.

ஒருநாள் வெயிலில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் கோபமில்லை, ஆனால் பாய்ந்தது அவள் மேல்தான். "ஏதோ ஒண்ணை அப்பான்னு வெச்சுக்கிட்டு எந்திரிச்சு வாம்மா. எல்லாம் கல்லுதான!" என்று கத்தினேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாங் கண்ணு. உனக்கு எல்லாம் கல்லுதான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்ததை மெதுவாக அதன் இடத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "உங்கப்பன்கிட்ட வெச்சுரு கண்ணு" என்றாள். சரிம்மா என்றேன். எப்படி என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவளைப் பள்ளத்தோரம் புதைத்துச் சில மாதத்தில் கல் வைக்கும் நாள் வந்தது. பள்ளத்தில் தண்ணீர் குறைந்திருந்தது. முழங்காலளவு இறங்கி, அவள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கல்லை நானே எடுத்தேன். மூப்பன் அதற்கு எண்ணெய் தேய்த்து, அம்மாவின் பெயரைச் சொல்லி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். வாச்சர் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கல்வீட்டின் முன்னால் மூப்பன் மண்டி போட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். உள்ளே டைல்ஸில் கற்கள் நான் அடுக்கிய வரிசையிலேயே இருந்தன.

மூப்பன் கல்லை வைக்கப் போனவர் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். "உங்கப்பன் எது அம்மிணி?" என்றார்.

வேறு யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள், ஒருவர் மரக்கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா எண்ணெய்ப் பூச்சோடு அவர் கையில் காத்திருக்கும்போது எனக்கு அது வாயில் வரவில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு கல்லைக் காட்டினேன்.

"அதுதானுங்க மாமா" என்றேன். ஆபீசில் பேசுகிற குரலில், தெளிவாகச் சொன்னேன்.

மூப்பன் அந்தக் கல்லை ஒரு நொடி பார்த்தார். "ஆமா, அவனேதான்" என்றார். பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரைச் சற்று நகர்த்திவிட்டு அம்மாவை அங்கே வைத்தார். எல்லாரும் சரி சரி என்று தலையாட்டினார்கள், எண்ணெய் வார்த்தார்கள், கூழ் வைத்தார்கள். வாச்சர் கேட்டைப் பூட்டினார். என் அம்மா இப்போது யார் பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.